இணையக் கலைக்களஞ்சியத்தில் ஜப்பானியப் படைப்புகள்: பெயரெழுத்து, பெயர்வரிசை, கூற்றுமுறை குறித்த நடை மரபுகள்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானியச் சித்திரக்கதைகள், அசைபடங்கள், திரைப்படங்கள் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகளை இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதும் தன்னார்வத் தொகுப்பாளர்கள், அவற்றுக்கான நடை மரபுகளைத் தமக்குள் கலந்துரையாடி வகுத்துக்கொள்கின்றனர். ஆங்கிலத்திற்கென உருவான அம்மரபுகள் தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் வழங்கும் ஜப்பானியப் பெயர்களில் காணப்படும் திரிபுகள் ஒரே வகையின அல்ல. தமிழ் எழுத்திலக்கணத்தால் நேர்வன, வழக்கால் நிலைபெற்றன, ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே வந்து சேர்ந்தன என அவை மூவகைப்படும். முதல்வகையை ஏற்று, இரண்டாம் வகையை மதித்து, மூன்றாம் வகையைத் திருத்த வேண்டும் என்பதும், அவ்வாறு திருத்துங்கால் பெயர்கள் மூலத்திற்கு மட்டுமன்றிப் பல இடங்களில் தமிழ் மரபிற்கும் நெருங்கி வருகின்றன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: இணையக் கலைக்களஞ்சியம், ஒலிபெயர்ப்பு, ஜப்பானிய மொழி, மாத்திரை, வடமொழியாக்கம், பெயர்வரிசை, கூற்றுமுறை.

1. முன்னுரை

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902ஆம் ஆண்டிலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம் ம.ப. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இவற்றிலெல்லாம் அயற்பெயரை எவ்வாறு எழுதுவது என்னும் வினாவுக்குப் பதிப்பாசிரியரோ பதிப்புக் குழுவோ விடை கண்டனர்.

2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில் இந்நிலை மாறியது. அங்கு முதன்மைப் பதிப்பாசிரியர் இல்லை. ஒரு பெயரை எவ்வாறு எழுதுவது என்பதைத் தொகுப்பவர்களே கலந்துரையாடி, இணக்க முடிவின்படி வகுக்கின்றனர். அவர்களுள் மாணவர், பொறியாளர், ஆசிரியர் எனப் பலரும் அடங்குவர். அவர்கள் மேற்கொள்ளும் முடிவு அக்களஞ்சியத்தோடு நின்றுவிடுவதில்லை. தேடுபொறிகளும் மொழிபெயர்ப்புக் கருவிகளும் அங்கிருந்து பெயர்களை எடுத்தாளுகின்றன. பள்ளி மாணவர் ஒருவர் முதன்முதலில் காணும் எழுத்துவடிவமும் பெரும்பாலும் அதுவாகவே அமைகிறது.

ஜப்பானியப் படைப்புகளை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. குரோசாவாவின் திரைப்படங்கள் வாயிலாகவும், தமிழ்க் குரல்மாற்றத்துடன் ஒளிபரப்பான சின் சான், டோரேமான் போன்ற தொடர்கள் வாயிலாகவும் இப்பெயர்கள் தமிழர் வீடுகளுக்குள் வந்துவிட்டன. எனினும் ஜப்பானிய மொழியிலிருந்து நேரே தமிழுக்கு வந்த பெயர்கள் மிகச் சில. ஏனையவை ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண்டு தமிழில் எழுதப்பட்டவை. அவ்விடைவழியில் நேர்ந்த இழப்பே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. ஆங்கில மரபும் அதன் அடிப்படையும்

ஆங்கில விக்கிப்பீடியாவின் ஜப்பானியக் கட்டுரைகள் பெரும்பாலும் திருத்தப்பட்ட ஹெப்பர்ன் முறையைப் பின்பற்றுகின்றன. ஜேம்சு கர்ட்டிசு ஹெப்பர்ன் 1867இல் வெளியிட்ட ஜப்பானிய - ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்பில், அதாவது 1886இல், இம்முறை பெயர்பெற்ற வடிவத்தை அடைந்தது. ஜப்பானிய அரசு 1937இல் ஆணையிட்டு, 1954இல் மீண்டும் உறுதிப்படுத்திய குன்ரெய் முறை வேறு நோக்குடையது. குன்ரெய் முறை ஜப்பானிய எழுத்து அட்டவணையின் ஒழுங்கைக் காக்கிறது. ஹெப்பர்ன் முறையோ ஆங்கிலம் அறிந்தவர் செவிக்கு ஏற்ப மெய்களை எழுதுகிறது.

ஆங்கிலக் களஞ்சியம் ஹெப்பர்ன் முறையைத் தேர்ந்தது அதன் வாசகரை நோக்கப் பொருத்தமே. நெடில்களுக்கு மேற்கோடு இடுவது அம்முறையின் பகுதி. ஆயினும் ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட டோக்கியோ, ஒசாகா போன்ற பெயர்களுக்கு அக்கோடு விலக்கப்படுகிறது. அன்றாட அச்சிலும் அது இடப்படுவதில்லை. எனவே தமிழர் கண்ணில் படும் வடிவம் பெரும்பாலும் குறில் நெடில் வேறுபாடு நீங்கிய வடிவமாகும். குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திலேயே கொண்டுள்ள ஒரு மொழி, அவ்வேறுபாடு நீங்கிய வடிவத்தை மூலமாகக் கொள்வது முரணன்றோ?

3. மாத்திரையும் ஹக்குவும்

ஜப்பானியர் சொல்லின் கால அளவை ஹக்கு என்னும் அலகால் அளக்கின்றனர். குறில் ஒரு ஹக்கு, நெடில் இரண்டு. அசையின் இறுதியில் நிற்கும் மூக்கொலிக்கு ஓர் ஹக்கு; மெய் இரட்டிக்குங்கால் அவ்விரட்டிப்பின் முற்பகுதிக்கும் ஓர் ஹக்கு. தமிழ் இலக்கணத்தின் மாத்திரைக் கணக்கை அறிந்தவர்க்கு இது புதிதன்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்னுமளவில் இரு மொழிகளும் ஒத்துள்ளன. மெய்யின் அளவில் வேறுபாடு உண்டு: தமிழில் மெய் அரை மாத்திரை, ஜப்பானிய மூக்கொலி முழு அலகு பெறும்.

இவ்வொப்புமையால் ஜப்பானிய உயிர்களைத் தமிழில் குறைவின்றி எழுத இயலும். அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து உயிர்களும் அவற்றின் நெடில்களும் ஜப்பானிய மொழியில் உள்ளன. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாட்டைத் தேவநாகரி முதலிய பல எழுத்துமுறைகள் இயல்பாகக் காட்டுவதில்லை; தமிழ் எழுத்து காட்டுகிறது. ஆயினும் வழக்கிலுள்ள வடிவங்கள் வேறாக உள்ளன. ஓசகா என்னும் நகரப் பெயரில் முதலெழுத்து மட்டுமே நெடில். தமிழில் பரவலாக ‘ஒசாகா’ என எழுதப்படுகிறது. நெடில் இருந்த இடம் குறிலாகவும் குறில் இருந்த இடம் நெடிலாகவும் தலைமாறிவிட்டன. நாகசாகி என நாம் எழுதும் பெயரின் நான்கு உயிர்களும் மூலத்தில் குறில்களே. மியாசாகி, குரோசாவா ஆகியவற்றிலும் நெடிலுக்கு இடமில்லை.

இத்திரிபின் காரணம் தெளிவானது. ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் பெறும் அசை தமிழர் செவிக்கு நெடிலாக ஒலிக்கிறது. ‘ஒசாகா’வின் நடுவெழுத்து நெடிலானது ஆங்கில அழுத்தத்தால், ஜப்பானிய ஒலியால் அன்று. ரஷோமான், டோரேமான், போகிமான் என முடியும் பெயர்களும் இத்தகையனவே. மூன்றின் இறுதியிலும் மூலத்தில் உள்ளது ‘மொன்’ என்னும் குறில் அசை. அமெரிக்க ஆங்கிலத்தில் ஒகரம் அகரச் சாயலுடன் ஒலிப்பதால் நாம் ‘மான்’ என எழுதினோம். மூலத்தில் உள்ள ஒகரம் நம் நெடுங்கணக்கில் இருந்தும் அதனைக் கைவிட்டோம்.

4. திரிபின் மூவகை

4.1. இலக்கணத்தால் நேரும் திரிபு

எகரமும் ஒகரமும் தமிழில் சொல்லிறுதியில் வருவது அரிது. ஆகவே ‘அனிமெ’ என ஒலிக்கும் சொல் தமிழில் ‘அனிமே’ என்றாவதும், இறுதி ஒகரம் ஓகாரமாவதும் தமிழ் இயல்பின்பாற்பட்டவை. சொல்முதலில் மெய்ம்மயக்கம் வாராமையால் ‘த்சுனமி’ தன் முதல் மெய்யை இழக்கிறது. இவ்வாறே சொல்முதலில் ககரமும் அதன் ஒலிப்புடை இணையும் ஓரெழுத்தாலேயே எழுதப்படுகின்றன.

வல்லினம் உயிரிடையே தனித்து நிற்பின் மென்மையாக ஒலிப்பதும், இரட்டிப்பின் வன்மையாக ஒலிப்பதும் தமிழின் இயல்பு. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதனைத் திராவிட மொழிகளின் பண்பாக விளக்கினார். இவ்வியல்பு ஒருபுறம் நமக்கு உதவுகிறது. நாகசாகியின் முதற் ககரம் மூலத்தில் ஒலிப்புடையது. இரண்டாம் ககரம் ஒலிப்பில்லாதது. ‘நகசக்கி’ என எழுதின் இவ்வேறுபாடு தானே விளங்கும். ஆங்கில எழுத்து இருவேறு குறிகளால் காட்டுவதைத் தமிழ் இரட்டிப்பால் காட்டிவிடுகிறது. மறுபுறம் இதுவே சிக்கலும் ஆகிறது. ஜப்பானிய மொழியில் இரட்டிப்பு பொருள் வேறுபடுத்தும்: ‘சக’ என்பது மேட்டுச்சரிவு, ‘சக்க’ என்பது எழுத்தாளர். வன்மையைக் காட்ட முதற்சொல்லையும் இரட்டித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மெல்லினத்தை அடுத்த வல்லினம் தமிழில் மென்மையாகவே ஒலிப்பதால், ரன்போ என்னும் பெயரை ‘ரம்போ’ என எழுதினும் மூலத்தின் வன்பகரம் கிட்டாது. இத்தகைய இழப்புகளை ஏற்றுக்கொண்டு, கட்டுரையின் முதல் வரியில் ஜப்பானிய எழுத்திலேயே பெயரைத் தருவது களஞ்சியத்திற்குத் தக்க தீர்வு.

4.2. வழக்கால் நிலைபெற்ற திரிபு

2004 திசம்பர் 26ஆம் நாளுக்குப் பின் ‘சுனாமி’ தமிழர் அனைவரும் அறிந்த சொல்லாயிற்று. முதல் மெய் கெட்டது இலக்கணத்தால். நடுவெழுத்து நீண்டது ஆங்கிலத்தால். ஆயினும் கடலோர மக்களின் நினைவில் துயரத்தோடு கலந்துவிட்ட அச்சொல்லை ‘சுனமி’ எனத் திருத்தப் புகுவது பயனற்றது. ஆழிப்பேரலை என்னும் ஆக்கச்சொல் அதனுடன் இணைந்து வழங்கலாம். டோக்கியோ, ஹிரோஷிமா ஆகியவையும் இவ்வகையின. ‘மங்கா’ என்பதன் இறுதி நீட்சியும் ஏற்கத்தக்கது. ‘மங்க’ என எழுதின் மங்குதல் என்னும் வினையின் எச்சமாக மயங்க நேரும். ரகர முதற்பெயர்களுக்கு இகரம் சேர்ப்பதா என்பதும், கிரந்த எழுத்துகளை எவ்வளவு ஆள்வது என்பதும் தொகுப்பாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளவை. இவற்றில் ஒரு கட்டுரைக்குள்ளேனும் ஒருமை பேணுவது குறைந்தபட்ச நெறி.

4.3. ஆங்கிலவழி நேர்ந்த திரிபு

பிற திரிபுகளுக்கு இலக்கணச் சான்றும் இல்லை. ஆழ்ந்த வழக்கும் இல்லை. இவற்றுள் கருதத்தக்கது டகரம். ஜப்பானியத் தகரம் நாநுனி மேற்பல்லைத் தொட எழுவது. தமிழ்த் தகரத்திற்கு அணித்தானது. ஆங்கில ஒலி அண்பல்லில் பிறப்பதால் அதனை நாம் டகரமாகக் கேட்கிறோம்; அக்கேள்வியையே ஜப்பானியச் சொற்களுக்கும் ஏற்றினோம். கிஷிமோத்தோ மசஷி வரைந்த சித்திரக்கதையின் தலைவன் பெயர் ‘நருட்டோ’ என வழங்குகிறது. ‘நருத்தோ’ என்பதே மூலத்திற்கு நெருக்கமானது. பழந்தலைநகரின் பெயர் கியோட்டோ எனவும் கியோத்தோ எனவும் எழுதப்படுகிறது, பின்னதே பொருந்துவது. டகரம் தமிழில் சொல்முதலாகாது. தகரம் ஆகும் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். ஆங்கிலத்தை விலக்கி மூலத்தை நோக்குங்கால் சொல் தமிழ் மரபிற்கும் ஏற்றதாகிவிடுகிறது. மூலத்திற்கு நெருங்குவதும் தமிழ் மரபைக் காப்பதும் எதிரெதிர் நோக்கங்கள் என்னும் கருத்து இவ்விடத்தில் தகர்கிறது.

வடசொல்லைத் தமிழ் எழுத்திற்கு இயைய ஆக்கிக்கொள்ள வேண்டும் எனத் தொல்காப்பியர் நெறி வகுத்தார். நன்னூலார் பதவியலின் இறுதியில் வடமொழியாக்கத்திற்கு விதிகளையே தந்தார். அவ்விதிகள் வடமொழி ஒலியை அறிந்து, அதற்கு ஈடான தமிழெழுத்தை வரையறுத்தன. இடையில் மூன்றாம் மொழி ஒன்று நிற்கவில்லை. ஜப்பானியப் பெயர்களுக்கு நாம் இழந்துவிட்டது அந்த நேர்மையான நோக்கே.

5. மறுதிசைச் சான்று

இவ்விழப்பு ஒருவழிப்பட்டதன்று. 1995இல் வெளியான ‘முத்து’ திரைப்படம் 1998இல் ஜப்பானில் திரையிடப்பட்டுப் பெரும் வரவேற்பைப் பெற்றது. நடனமாடும் மகாராஜா என்னும் பொருள்படும் தொடரை ஜப்பானியர் அதன் தலைப்பில் சேர்த்தனர். ‘முத்து’ என்னும் பெயரையோ இரட்டிப்பு இன்றி, இரண்டே எழுத்தொலிகளாக எழுதினர். இரட்டிப்பைக் காட்டும் சிறு குறி அவர்கள் எழுத்துமுறையில் இருந்தும் அது இடம்பெறவில்லை. தமிழின் தகர இரட்டிப்பை ஆங்கில எழுத்துக்கூட்டல் காட்டாமையோடு இது ஒத்துச் செல்கிறது. ஒலியைச் செம்மையாக எழுத வல்ல இரு மொழிகள் ஒன்றையொன்று ஆங்கிலத்தின் வழியே நோக்கும்போது, இரண்டிற்கும் பொதுவான இரட்டிப்பே மறைந்துவிடுகிறது.

6. பெயர்வரிசை

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைப்பர். ஆங்கிலக் களஞ்சியம் தொகுகவா இயெயசு போன்ற வரலாற்று மாந்தர்க்கு இவ்வரிசையைக் காத்து, அண்மைக்காலத்தார்க்கு அதனை மாற்றிவிடுகிறது. இதற்கிடையே ஜப்பானிய அரசு 2020 சனவரி முதல், உரோமன் எழுத்திலான தன் அலுவல் ஆவணங்களிலும் குடும்பப் பெயரை முன்வைக்க முடிவு செய்தது.

தமிழில் இம்மாற்றத்திற்குத் தேவையே இல்லை. உ. வே. சாமிநாதையர் என எழுதுங்கால் ஊரும் தந்தையும் முன்னிற்க, தம் பெயர் பின்னிற்கிறது. எனவே குரோசாவா அகிரா, மியசக்கி ஹயவோ என்னும் வரிசை தமிழ்க் கண்ணுக்கு இயல்பானதே. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் ஒருவரை மீண்டும் சுட்டும்போது பின்னிற்கும் பெயரால் சுட்டுவோம். ஜப்பானியரை முன்னிற்கும் குடும்பப் பெயரால் சுட்டுவதே முறை. நடைக் கையேடு இதனை வெளிப்படையாகக் கூறாவிடின் ஒரே கட்டுரையில் ஒருவர் இருவராகத் தோன்றுவார்.

வரிசை மாற்றம் சில இடங்களில் பொருளையே அழிக்கும். துப்பறியும் கதையாசிரியர் எதொகவா ரன்போவின் புனைபெயர், எட்கர் ஆலன் போ என்னும் அமெரிக்க எழுத்தாளர் பெயரை ஜப்பானிய ஒலியில் அமைத்தது. முன்பின்னாக மாற்றினால் அவ்வொலி ஒப்புமை கெட்டுவிடும். 1994 முதல் வெளிவரும் ஆவொயமா கோஷோவின் துப்பறியும் சித்திரக்கதையில் சிறுவனாகச் சுருங்கிய தலைவன், ரன்போவின் குடும்பப் பெயரையும் கோனன் டாயிலின் பெயரையும் இணைத்து எதொகவா கோனன் எனத் தனக்குப் பெயரிட்டுக்கொள்கிறான். பெயரின் தோற்றத்தை விளக்காமல் அக்கதையைப் பற்றி எழுதுவது அரிது.

7. தலைப்பும் கூற்றுமுறையும்

தலைப்பைத் தேர்வதில் ஆங்கிலக் களஞ்சியம் பெருவழக்கான ஆங்கிலத் தலைப்பை முதன்மையாகக் கொள்கிறது. மியசக்கியின் 2001ஆம் ஆண்டுத் திரைப்படம் அங்கு அதன் ஆங்கில வெளியீட்டுப் பெயரால் அமைகிறது. ஜப்பானியத் தலைப்போ, செனும் சிஹிரோவும் தெய்வத்தால் மறைக்கப்பட்டமை என்னும் பொருளது. ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கினால் அவ்விரு பெயர்களும் மறைந்துவிடும். அப்படத்தின் கருவே பெயர்தான். சூனியக்காரி யுபாபா சிறுமியின் பெயரெழுத்துகளைப் பறித்து ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறாள். எஞ்சிய எழுத்தின் மற்றோர் ஒலிப்பே ‘சென்’. தன் பெயரை மறப்பவர் தம் உலகிற்குத் திரும்ப இயலாது என்பது கதையின் அடிப்படை. தமிழில் கட்டுரைத் தலைப்பாக மூலப்பெயரின் ஒலிபெயர்ப்பை இட்டு, முதல் தொடரில் அதன் பொருளைத் தமிழில் விளக்கி, ஆங்கிலப் பெயருக்கு வழிமாற்று அமைப்பதே தகும்.

புனைவைப் பற்றிய கட்டுரை புனைவுலகிற்குள் நின்று பேசாமல், படைப்பாளி, வெளியீடு, வரவேற்பு ஆகியவற்றை நோக்கி வெளியே நின்று பேச வேண்டும் என்பது தொகுப்பாளர் பொதுவாக ஏற்ற மரபு. தமிழில் இதனோடு ஆங்கிலத்தில் எழாத ஒரு வினாவும் எழுகிறது. கதைமாந்தரை அவன், அவள் என்பதா, அவர் என்பதா? பன்மை மரியாதையைப் புனைவு மாந்தர் அனைவர்க்கும் தந்தால் சிறுவனும் அவர் ஆகிறான். ஒருவருக்கும் தராவிடின் முதிய ஆசானும் அவன் ஆகிறார். ஆண்மாந்தரை அவர் என்றும் பெண்மாந்தரை அவள் என்றும் ஒரே கட்டுரையில் எழுதும் வழு வேறு. படைப்பாளி, குரற்கலைஞர் முதலிய மெய்ம்மாந்தர்க்கு எப்போதும் அவர். கதைமாந்தர்க்குப் பால் வேறுபாடு நோக்காது வயதும் கதையிலுள்ள நிலையும் நோக்கி ஒருமையோ மரியாதைப் பன்மையோ என வரையறுப்பது ஏற்புடையது. இவ்வரையறையை ஆங்கிலக் கையேட்டில் தேடிக் காண இயலாது. தமிழ் இலக்கணம் பயின்றவரே வகுக்க வேண்டும்.

8. முன்மொழிவுகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பின்வரும் நெறிகளை முன்வைக்கலாம்.

1. ஒலிபெயர்ப்புக்கு மூலம் ஜப்பானிய எழுத்தே. ஆங்கில எழுத்துக்கூட்டல் அன்று.
2. குறில் நெடில் மூலத்தின்படி அமைக. சொல்லிறுதி எகர ஒகரங்களும், பெயரிறுதி அகரமும் நீள்க.
3. உயிரிடை ஒலிப்பில்லா வல்லினம் இரட்டிக்க. ஒலிப்புடையது தனித்து நிற்க.
4. மூக்கொலி தமிழின் இனவெழுத்து முறைப்படி அமைக. பகரத்தின் முன் அதனை மகரமாக எழுதுவதா, னகரமாக எழுதுவதா என்னும் உரோமன் எழுத்துப் பூசல் தமிழுக்கு உரியதன்று.
5. ஜப்பானியத் தகரத்தைத் தகரத்தால் எழுதுக. நிலைபெற்ற ஊர்ப்பெயர்களுக்கு விலக்கு அளிக்க.
6. குடும்பப் பெயர் முன்வருக. மறுசுட்டும் அதனாலேயே அமைக.
7. வழக்கிலுள்ள பிற வடிவங்கள் அனைத்திற்கும் வழிமாற்று அமைக்க.

இந்நெறிகளின்படி ஓசக்கா, நகசக்கி, மியசக்கி, ரஷோமொன், நருத்தோ என வடிவங்கள் அமையும். இவற்றுள் நகசக்கி வழக்கை எதிர்க்கும் வலிமையற்றது. நாகசாகி இரண்டாம் வகையில் நின்றுவிடக்கூடும். எவ்வடிவம் எவ்வகையினது என அறிந்தபின் விலக்களிப்பதற்கும், அறியாது எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு.

9. முடிவுரை

கலைக்களஞ்சியத் தொகுப்பாளர் தம் முடிவுகளுக்கு வெளியிடப்பட்ட சான்றினை நாட வேண்டியவர். சொந்த ஆய்வினைக் கட்டுரையாக்க அவர்க்கு விதி இடந்தருவதில்லை. ஒலிபெயர்ப்புக்குக் கல்விப்புலச் சான்று கிட்டாதபோது நாளிதழ் எழுதிய வடிவமே சான்றாகிவிடுகிறது. நாளிதழோ ஆங்கிலச் செய்தி நிறுவனத்தின் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுகிறது. இதனைத் தன்னார்வலரின் குறையாகக் கருதுதல் பொருந்தாது. எழுத்தியலை நாள்தோறும் பயிற்றும் தமிழ்த்துறைகள் ஜப்பானிய மொழி அறிந்தாருடன் இணைந்து ஓர் ஒலிபெயர்ப்பு அட்டவணையை உருவாக்கி, ஆய்விதழ் வாயிலாக வெளியிட்டால், அதனை மேற்கோளாகக் கொண்டு தொகுப்பாளர் இணக்கம் காண இயலும். கொரியம், சீனம் முதலிய மொழிகளின் பெயர்களுக்கும் அதே முறை வழிகாட்டும். வடமொழியாக்கம் கண்ட இலக்கண மரபு இன்னும் முடிவுறவில்லை; அதன் அடுத்த இயலை எழுதும் பொறுப்பு தமிழ் ஆய்வுலகிற்கு உரியது.